தாய்மாமனின் இடது கை

பாதி உண்மையைச் சொல்லி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போனால் அது பொய்யில் சேருமா? லெசியேலிக்கு இருபத்தோராவது பிறந்தநாள் என்பது உண்மை. அத்தை வராமல் கேக் வெட்ட மாட்டேன் என்று அவள் அடம்பிடிப்பதும் ஏறக்குறைய உண்மை. மீதியை அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம். இல்லை, சொல்லவே வேண்டாம், அம்மாவே பார்த்துப் புரிந்துகொள்வாள். எனக்கு எதுதான் வாய்விட்டுச் சொல்ல வந்திருக்கிறது?

பிசிலா இப்படித் தன்னோடு வாதாடிக்கொண்டிருந்தபோது, பக்கத்து இருக்கையில் அவள் அம்மா அகனேசி சாப்பாட்டுத் தட்டில் வந்த வெண்ணெய், ஜாம், உப்புப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். எழுபத்திரண்டு வயதில் முதல் முறையாக டோங்காவை விட்டு வெளியே போகிறாள். மடியில் பிரார்த்தனைப் புத்தகம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உன்னோடதையும் குடு. நீ எங்க தின்னப் போறே?"

"ஆக்லாந்துல வெண்ணெய் கிடைக்கும்மா."

"கிடைக்கும். சும்மா கிடைக்குமா?"

பிசிலா தன் வெண்ணெயையும் கொடுத்தாள்.

டோங்காவில், வவாவு தீவின் சின்ன வானொலி நிலையத்தில் அறிவிப்பு வாசிப்பது அவள் வேலை. எந்தக் கப்பல் எப்போது வரும், எந்தச் சபையில் விருந்து, யார் யார் வீட்டில் சாவு. வெளிநாட்டில் இறந்தவர்களின் உடல் எந்த விமானத்தில் வருகிறது என்பதும் அவள் குரலில்தான் ஊருக்குத் தெரியும். அழாமல், தடுமாறாமல் வாசிப்பாள் என்று நல்ல பெயர். அடுத்தவர் வார்த்தையைச் சொல்வதில் அவளுக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை.

போன மாதம் ஆக்லாந்திலிருந்து மாமா மகள் லெசியேலி கூப்பிட்டிருந்தாள். "அக்கா, அப்பாவுக்குக் கிட்னி ரெண்டும் போச்சு. மெஷின் மாட்டணும்னா இடது கையில ஒரு சின்ன ஆபரேஷன் பண்ணி ரத்தக்குழாயைத் தயார் பண்ணணுமாம். ரெண்டு தடவை நாள் குறிச்சாங்க. ரெண்டு தடவையும் மீன் பிடிக்கப் போயிட்டார். இனியும் தள்ளிப்போட்டா நிலைமை கை மீறிடும்னு டாக்டரே சொல்லிட்டார். அத்தை ஒரு வார்த்தை சொன்னா அப்பா தட்ட மாட்டார். எப்படியாவது கூட்டிட்டு வா."

அது சரிதான். லெசியேலியின் அப்பா ஃபெலேட்டி மாமாவுக்கு அம்மா ஒரே அக்கா. அக்கா சொல் அவருக்குச் சபைப் போதகர் சொல்லுக்கும் மேல். ஆனால் டோங்க வழக்கத்தில் தம்பியின் உடம்பைப் பற்றி அக்கா வாய் திறப்பதில்லை. அவன் காதுபட நோய் என்றோ ரத்தம் என்றோ சொல்வதுகூட முறைகேடு. இதற்குத்தான் அழைக்கிறார்கள் என்று தெரிந்தால் அம்மா விமானம் ஏறியிருக்க மாட்டாள். அதனால்தான் பாதி உண்மை.

ஆக்லாந்து விமான நிலையத்தில் அம்மா தோளோடு அணைத்துக்கொண்டு வந்த பாய்ச்சுருளை ஒரு நாய் சுற்றிச் சுற்றி மோந்து பார்த்தது. சுங்க அதிகாரி பிரிக்கச் சொன்னார். அம்மா நடுக்கூடத்தில் பாயை விரித்துவிட்டு, நான்கு வருடம் உட்கார்ந்து பின்னியது என்று அவரிடம் டோங்க மொழியிலேயே சொன்னாள். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, தொப்பியைச் சரிசெய்துகொண்டு தலையாட்டினார்.

"நாய்க்குக்கூடத் தெரியுது எது நல்ல பாய்னு" என்றாள் அம்மா, சுருட்டிக்கொண்டே.

வெளியே லெசியேலியும் அவள் அம்மா ஓஃபா மாமியும் மாலையோடு ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். ஃபெலேட்டி மாமா கூட்டத்துக்குப் பின்னால், தூண் ஓரமாக நின்றிருந்தார். கோட்டுக்கு மேல் இடுப்புப் பாய் கட்டி, அக்காவை வரவேற்கும் முழு மரியாதை உடையில். ஆனால் காலில் ரப்பர்ச் செருப்பு. அக்கா அருகே வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அக்காவும் முறைப்படி கண்ணைத் தாழ்த்தி நின்றாள். பதினொரு வருடம் கழித்துப் பார்க்கிறவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"பிரயாணம் எப்படி இருந்துச்சு?" என்றார் மாமா, தரையிடம்.

"தேவன் காத்தார்" என்றாள் அம்மா, அதே தரையிடம்.

மாமா பாய்ச்சுருளைத் தூக்கப் போனார். பிசிலா முந்திக்கொண்டாள்.

பெண்கள் லெசியேலியின் காரில் வீட்டுக்குப் போனார்கள். மாமா சபைக்காரர் ஒருவரின் வண்டியில் பின்னால் வந்தார். வீட்டில் ஓஃபா மாமி தன் அறையையே அம்மாவுக்காக ஒழித்துக் கொடுத்திருந்தாள். மாமா எங்கே படுப்பார் என்று பிசிலா யோசிக்கவே இல்லை. காபி குடித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, அவர் ஒரு மெத்தையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார். நின்று மூச்சு வாங்கி, மறுபடி இழுத்தார்.

அக்கா இருக்கும் கூரையின் கீழ் தம்பி தூங்க மாட்டான். பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். தெரிந்த விஷயமாக இருந்ததாலேயே நினைவுக்கு வரவில்லை.

"இங்க யாரும் அதெல்லாம் பாக்கறதில்லன்னு நினைச்சேன்" என்றாள் லெசியேலி மெதுவாக.

"நானும்தான்."

"இந்தக் குளிர்ல சிமெண்டுத் தரையில... அக்கா, நாம அவரைக் காப்பாத்தக் கூட்டிட்டு வந்தமா, கொல்லக் கூட்டிட்டு வந்தமா?"

"சும்மா இரு. அம்மா காதுல விழப்போகுது."

மறுநாள் சனிக்கிழமை, சபை மண்டபத்தில் விருந்து. வாழ்நாள் முழுவதும் ஊரில் பின்வரிசையில் உட்கார்ந்து கிழங்கு உரித்த அம்மாவை, இங்கே மேடையின் நடுநாற்காலியில் உட்கார்த்தினார்கள். பிறந்தநாள் பெண்ணின் அத்தை. அந்த நாளில் அவளுக்கு மேல் ஒருவரும் இல்லை. காலடியில் பாய்கள் விரிந்தன, மரப்பட்டைத் துணிகள் அடுக்கடுக்காக வந்தன, மூன்று தட்டுக் கேக்கின் உச்சித் தட்டு அப்படியே அவள் மடிக்கு வந்தது. அம்மா எதற்கும் சிரிக்கவில்லை, எதையும் மறுக்கவும் இல்லை. இந்த நாற்காலியில் எப்படி உட்கார வேண்டும் என்பது அவளுக்கு எப்போதுமே தெரிந்திருக்கிறது என்று பிசிலாவுக்குத் தோன்றியது. நாற்பத்துமூன்று வருடம் கூடவே இருந்தும் நான் பார்க்காத ஒரு அம்மா. இன்னும் எத்தனை அம்மாக்கள் உள்ளே இருக்கிறார்களோ.

மாமா மண்டபத்துக்குள் வரவில்லை. சமையலறைக் கதவருகே நின்று, அக்காவுக்கு மரியாதை நடப்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வீங்கி மஞ்சளாக இருந்தது. ஆனாலும் அதில் ஒரு பெருமிதம்.

எல்லாம் முடிந்து பெண்கள் பாத்திரம் கழுவும்போது, அம்மா மண்டபத்தின் பின்படியில் மடியில் கேக் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். பிசிலா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, மாமாவுக்கு..."

"தெரியும்."

"யார் சொன்னா?"

"ஏர்போர்ட்டுல கீழ பாத்துத்தானே நின்னேன். காலைப் பாத்தேன். பனங்காய் மாதிரி. செருப்பு வாரு உள்ள புதைஞ்சு கிடக்கு." அம்மா கேக் பெட்டியின் நாடாவை இழுத்து இறுக்கினாள். "எங்க அப்பாவுக்கும் கடைசியில அப்படித்தான் இருந்துச்சு. நீ இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தியா?"

"ஆமா."

"முன்னாடியே சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேன்னு நினைச்சே."

"ஆமா."

"வந்திருக்க மாட்டேன்தான்."

பிசிலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆபரேஷனைப் பற்றி, செவ்வாய்க்கிழமை குறித்திருக்கும் மூன்றாவது நாளைப் பற்றி, மெஷினைப் பற்றி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அறிவிப்பு வாசிக்கிற குரலில்தான் சொல்ல முடிந்தது. "நீ ஒரு வார்த்தை சொன்னா தட்ட மாட்டார்மா."

"எந்த வார்த்தையை? அவன் உடம்பு என் வாயில வந்துச்சுன்னா அவன் கூனிக்குறுகிப் போயிடுவான். தலையாட்டிட்டு, அதுக்கப்புறம் என் முகம் இருக்கிற திசைக்கே வர மாட்டான். அப்படி ஒரு தம்பியை உயிரோட வெச்சு நான் என்ன பண்ண?"

"அப்போ சாகட்டுமா?" தன் குரல் உயர்ந்துவிட்டதை பிசிலா கேட்டாள். இது யாருடைய குரல்?

அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "நீ கேளு."

"நானா?"

"அவன் தாய்மாமன்டி உனக்கு. அக்கா பிள்ளைங்க எதைக் கேட்டாலும் அவன் குடுத்துத்தான் ஆகணும். உங்க அண்ணன் கேட்டு அவனோட குதிரையை வாங்கிட்டு வரலையா? உன் தங்கச்சி கல்யாணத்துக்கு, பட்டியில நின்ன ரெண்டு பன்னியைக் கைகாட்டினா. மறு வார்த்தை பேசினானா? நீ மட்டுந்தான் ஒண்ணுமே கேக்கல. அவனுக்கு அது ஒரு மனக்குறை, தெரியுமா உனக்கு? 'பிசிலாவுக்கு நான் மாமா இல்லையா'ன்னு ஓஃபாகிட்ட கேட்டிருக்கான்."

பிசிலாவுக்குத் தெரியாது. கேட்காமல் இருப்பதை அவள் இத்தனை நாள் நல்ல குணம் என்று நினைத்திருந்தாள். யாருக்கும் பாரமாக இல்லாதவள் என்று. அது ஒருவருக்கு வலித்திருக்கும் என்று தோன்றியதே இல்லை. கேட்டால் இல்லை என்று வரும் என்ற பயமும் இல்லை. கேட்டால் கிடைத்துவிடும், கிடைத்தால் அந்த மனிதரோடு ஒட்டிக்கொண்டுவிடுவோம், அந்தப் பயம்தான். படியின் குளிர் உடம்பில் ஏற ஏற, இதை முதன்முதலாகத் தனக்கே ஒப்புக்கொண்டாள்.

"என்னை இன்னைக்கே வேற வீட்டுல கொண்டுபோய் விடு" என்று எழுந்தாள் அம்மா. "என் பங்குக்கு நான் செய்ய முடிஞ்சது அதான். அவன் கட்டிலுக்கு அவன் போகட்டும்."

பொழுது சாய்வதற்குள் அம்மா தன் பையோடும் பாயோடும் மூன்று தெரு தள்ளி இருந்த ஓஃபா மாமியின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு காலை மாமா கொல்லையில் மண்ணடுப்புக் குழியில், நெருப்பின் மேல் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். குந்த முடியாததால் ஒரு பால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, தோளில் கம்பளியோடு உட்கார்ந்து குச்சியால் கல்லைத் தள்ளினார். பக்கத்தில் வாழையிலையில் பொதிந்த கீரையும் இறைச்சியும் தட்டு நிறைய இருந்தன. மாமி சபைக்குப் புறப்பட உள்ளே போயிருந்தாள்.

"வா வா, ரேடியோக்காரி" என்றார். "இன்னைக்கு யார் செத்தா?"

"இன்னைக்கு லீவு மாமா."

"உங்கம்மா என் வீட்டை விட்டுப் போயிட்டாங்க. என்ன குறை வெச்சேன்?"

"நீங்க ஷெட்டுல படுத்ததுதான் குறை."

"எனக்கென்ன, ஷெட்டு சொகுசா இருந்துச்சு. ஓஃபாவோட குறட்டை இல்ல." சிரிக்கப் போய் இருமினார். இருமல் அடங்க நேரமானது.

பிசிலா நின்றுகொண்டிருந்தாள். முன்னேற்பாடாக அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை. "மாமா, எனக்கு உங்ககிட்ட ஒண்ணு வேணும்" என்றாள்.

குச்சி நின்றது. மாமா நிமிர்ந்து பார்த்தார். வீங்கிய அந்த முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் ஏறியது. "என்னது? திரும்பச் சொல்லு."

"ஒண்ணு வேணும்."

"அடி என் தங்கமே! கேளு, கேளு. இந்த வண்டியா? டயர் புதுசு. படகு எஞ்சின் வேணுமா? நாப்பது குதிரை சக்தி, நம்ம துறையில எல்லாருக்கும் பொறாமை வந்துடும். டி.வி.யா? ஓஃபா அழுவா, அழட்டும், எடுத்துக்கோ."

"உங்க இடது கை வேணும்."

அவர் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்று, கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. இடது கையைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார். சின்னப் பிள்ளை பொருளை ஒளித்து வைப்பது போல.

"உங்கம்மா சொல்லி அனுப்பினாங்களா?"

"இல்ல. நான் கேக்கறேன். எனக்கு வேணும்."

"அந்த மெஷினைப் பத்தித் தெரியுமா உனக்கு? வாரத்துக்கு மூணு நாள் கட்டிப் போட்டுடுவான். அப்புறம் ஊரே கிடையாது. அங்க ஏது அந்த மெஷின்? எங்க சபையில ஒருத்தன் எட்டு வருஷமா சுத்திச் சுத்தி இந்த ஆஸ்பத்திரித் தெருவுலயே திரியறான்." குரலைத் தணித்தார். "நான் வேற கணக்கு வெச்சிருக்கேன். நீங்க திரும்பிப் போறப்போ உங்களோட நானும் வரேன். நம்ம துறையில உக்காந்து கடலைப் பாத்துக்கிட்டு இருக்கேன். எத்தனை நாளோ அத்தனை நாள். போதும் எனக்கு."

"எட்டு வருஷமா திரியறாரா அவர்?"

"யாரு?"

"உங்க சபைக்காரர். எட்டு வருஷமா உயிரோட."

மாமா குச்சியால் ஒரு கல்லைப் புரட்டினார்.

"உங்க பேரை என்னால வாசிக்க முடியாது மாமா" என்றாள் பிசிலா. இந்த முறை குரல் அறிவிப்புக் குரலாக இல்லை. உடைந்து, அசிங்கமாக, அவளுடையதாகவே வந்தது. "எல்லார் பேரையும் வாசிச்சுட்டேன். உங்களுடையதை மாட்டேன். எனக்கு ஒரே ஒரு தாய்மாமன். நான் கேட்டதே இல்ல. இப்போ கேக்கறேன்."

கல் ஒன்று சூடேறி வெடித்தது. வேலிக்கு அப்பால் சபை மணி அடித்தது. மாமா கம்பளிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"உங்க அண்ணன் குதிரையைக் கேட்டான். உன் தங்கச்சி ரெண்டு பன்னியைக் கேட்டு ஓட்டிட்டுப் போனா. இப்படி ஒரு கொள்ளைக்காரியை நான் பாத்ததில்ல" என்றார். பிறகு, "இவ்வளவு வருஷம் காக்கவெச்சு, கேட்டது கேட்டே, இதையா கேப்பே?"

"இதுதான் வேணும்."

"சரி, நிக்காதே. அந்த இலையை எடு. கல் ஆறிடும்."

அன்று மாலை பிசிலா அம்மாவிடம் போய்ச் சொன்னபோது, அம்மா கேக்கைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் கத்தி ஒரு கணம் நின்றது. மறுபடி வெட்டினாள்.

"நான் கிறிஸ்துமஸ் வரைக்கும் இங்கயே இருக்கேன்" என்றாள். "ஓஃபாவோட தங்கச்சி இருக்கச் சொல்றா. அவன் வீட்டுக்குத் தினம் ஏதாவது சமைச்சு அனுப்பலாம். உப்பில்லாம ஆக்கணுமாமே, ஓஃபாவுக்கு எங்க வரும் அது? நீ போய்ப் பன்னிகளுக்குத் தேங்கா போடு. பழையதைப் போடாதே, கண்டுபிடிச்சுடும்."

"நான் மட்டும் தனியாவா?"

"ஏன், வழி தெரியாதா?"

அம்மா இல்லாத வீட்டை பிசிலா நினைத்துப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பழைய பயம் இல்லை. ஞாயிறு காலை கொல்லையில் கேட்ட அந்த உடைந்த குரலோடு வீட்டில் தனியாக இருந்து பார்க்க வேண்டும் போல இருந்தது. போனில் இனி யாரோடெல்லாம் சண்டை போடலாம், யாரிடம் என்னவெல்லாம் கேட்கலாம்.

செவ்வாய்க்கிழமை லெசியேலி மாமாவையும் பிசிலாவையும் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு வண்டி நிறுத்தப் போனாள். ஓஃபா மாமியோடு வேறு வண்டியில் வந்த அம்மா உள்ளே வரவில்லை. எதிரே பேருந்து நிறுத்தத்தின் பலகையில், பிரார்த்தனைப் புத்தகத்தோடு, கட்டடத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள். மாமா சலவைச் சட்டை போட்டு இடுப்புப் பாய் கட்டியிருந்தார், சபைக்குப் போவது போல. மூன்றாவது மாடியில் தாதி வந்து அவர் பெயரைத் தப்பும் தவறுமாகக் கூப்பிட்டு, சட்டைக் கையை மடக்கிக்கொண்டு உள்ளே வரச் சொல்லிவிட்டுப் போனாள்.

மாமா எழுந்திருக்கவில்லை.

"பிசி" என்றார். சின்ன வயதில் கூப்பிட்ட பெயர். "வாங்கினவங்க திருப்பிக் குடுக்கறதும் உண்டு. அதுல ஒரு தப்பும் இல்ல. உங்க அண்ணன்கூட அந்தக் குதிரையை அடுத்த வருஷமே திருப்பிக் கொண்டுவந்து கட்டிட்டான், தீனி போட முடியலன்னு." சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்கு உன் விமானம். உங்கம்மாவோட சீட்டு காலியாத்தானே போகுது? ஊருக்கு வரேன்டி. துறையைப் பாக்கணும். நீ ஒரு வார்த்தை சொன்னா நான் இப்பவே எந்திரிச்சு வந்துடுவேன். யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. குடுத்துடு."

அவர் கண் கெஞ்சியது. அதில் கடல் இருந்தது, துறை இருந்தது. அவர் சொல்வது எதுவும் பொய் இல்லை. கொடுத்துவிடலாம். கொடுத்தால் எவ்வளவு நல்ல மருமகளாக இருப்பேன்.

பிசிலா அவர் முன்னால் மண்டியிட்டு, இடது கைச் சட்டையின் பித்தானைக் கழற்றினாள். துணியை ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு என்று முழங்கைக்கு மேல் ஏற்றினாள்.

"மாட்டேன் மாமா" என்றாள்.